கட்டியதும் கட்டாததும்

பிப்ரவரி.
ஈரி ஏரியிலிருந்து வருகிற காற்றில்
பேனா எழுதாது. பென்சில்தான்.
பத்தொன்பது வருடமாக இந்த மாவட்டத்தின்
சொத்து மதிப்பீட்டாளன். பெயர் கொரெட்ஸ்கி.
தெரு நெடுக நாய்களுக்கு
என் வாசனை தெரியும்.

காலையில் முதல் முகவரி
பழைய மெத்தைத் தொழிற்சாலை.
இப்போது அதற்கு வேறு பெயர், பித்தளை எழுத்தில்.
நூற்றுப் பன்னிரண்டு குடியிருப்புகள்,
லிஃப்டுக்குள் எலுமிச்சை மணம்,
மொட்டை மாடியில்
நாய்கள் உலாவ மட்டும் ஒரு புல்தரை.
அளந்தேன்.
'மேம்பாடு' என்ற கட்டத்தில்
இரண்டு கோடியே நாற்பது லட்சம் டாலர் என்று எழுதி
பக்கத்துக் கட்டத்தில்
சுழியம் போட்டேன்.
பதினைந்து வருடத்துக்குச் சுழியம்.
நகர மன்றத்தில் ஏழு பேர் கைதூக்கி,
இரண்டு பேர் தூக்காமல்
நிறைவேறிய சுழியம்.

உள்ளதைச் சொல்ல வேண்டும்.
இருபத்தாறு வருடம் அங்கே புறாக்கள்தான் குடியிருந்தன.
அவையும் வரி கட்டவில்லை.
வரி விலக்கு இல்லாமல்
ஒரு செங்கல்லும் நகராது என்றார் ஹால்வர்சன்.
திரையில் கணக்குக் காட்டினார்.
ராத்திரி உட்கார்ந்து சரிபார்த்தேன்,
தப்பில்லை.
எட்டு வீடுகள் எளியோருக்கு என்று ஒதுக்கினார்.
அந்த எளியோர்
என்னைவிட ஆறாயிரம் டாலர்
கூடுதலாகச் சம்பாதிக்கிறவர்கள்.

எதிர்ச்சாரியில் இரண்டாவது முகவரி.
மார்வா பெட்வே,
பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.
சக்கர நாற்காலியில் திரும்பிவந்த தம்பிக்காக
போன கோடையில்
பின்பக்கம் ஒரு குளியலறையும்
வாசலில் ஒரு சாய்தளமும் கட்டியிருந்தாள்.
படிவத்தில் அதற்கும் அதே சொல்:
மேம்பாடு.
பக்கத்துக் கட்டத்தில்
வருடத்துக்கு நானூற்றுப் பன்னிரண்டு டாலர்.

குளியலறை ஜன்னலில்
புதுக் கட்டடத்தின் முதுகு தெரிந்தது.
இரண்டு மணிக்கு மேல் வெயில் இல்லை என்றாள்,
குறையாக அல்ல,
பஸ் நேரம் சொல்வதுபோல.

வாஷ்பேசினுக்கு அடியில்
ஒரு ஓடு பதிக்காமல் கிடந்தது.
பென்சிலால் காட்டினேன்.
"இதோ, வேலை முடியவில்லை.
முடியாததற்கு இந்த வருடம் வரி கிடையாது.
அடுத்த வருடமும்
நான்தான் வருவேன்."

குனிந்து பார்த்தாள்.
"முடிந்துவிட்டது.
குழாய் ஒழுகினால் கை நுழைய
நானாக விட்ட இடம் அது."

"கட்டினேன் என்றால் கட்ட வேண்டி வரும், மிஸ் பெட்வே."

"கட்டியதை நான் கட்டவில்லை என்று எழுதாதே.
என் பஸ்ஸுக்கு பிரேக் மாற்றச் சொல்லி
நாலு மாதமாகக் கேட்கிறேன்.
பணமில்லை என்கிறார்கள்.
என் பணம் போய் என் பிரேக்காக வரட்டும்.
அவனிடம் வாங்காததை
என்னிடம் வாங்காமல் ஈடுகட்டப் பார்க்கிறாயே,
இதுவும் விலக்குத்தான்.
ஒருவரும் கைதூக்காத விலக்கு."

உள்ளறையிலிருந்து தம்பி
தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறைத்தான்.

பென்சிலின் பின்முனையால் அழித்தேன்.
தாள் கொஞ்சம் கிழிந்தது.
கிழிசலுக்கு மேலேயே
நானூற்றுப் பன்னிரண்டு எழுதினேன்.
கையெழுத்துப் போட்டாள்,
வரிக்கு வெளியே போகாமல்.

சாய்தளத்தில் இறங்கினேன்.
நல்ல வேலை, ஒரு பலகையும் ஆடவில்லை.
எதிர்க் கட்டடத்து மொட்டை மாடியிலிருந்து
ஒரு நாய் என்னைப் பார்த்துக் குரைத்தது.
குட்டி. ஊருக்குப் புதிது.
என் வாசனை அதற்கு
இன்னும் எட்டவில்லை.

பதினைந்து வருடம்.
நன்றாக வளர்த்தால்
ஒரு நாயின் ஆயுள்.
அந்தச் சுழியத்தை அழிக்க
யாரோ ஒருவன் பென்சிலோடு வரும் நாளில்
நான் ஓய்வுபெற்றிருப்பேன்,
மாடியில் அந்தக் குரைப்பு இருக்காது,
மார்வா
பதினைந்து தடவை
கட்டி முடித்திருப்பாள்.